வொக்ஸ்வாகன் வானின் அமைப்பும் வகைகளும்

மோட்டார் வண்டிகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் பந்தயத் திடலில் ஓடிய வண்டிகளையும் செல்வர் ஏறிச் சென்ற பெருங் கார்களையுமே விரித்துரைத்துள்ளனர். விடியற் காலையிற் பாணையும் பாலையும் வீதிதோறுங் கொண்டு செல்வதும், தச்சனையும் அவன் கருவிகளையும் ஒருங்கே ஏற்றிச் செல்வதும், நோயாளியை மருத்துவமனை வாயிலிற் சேர்ப்பதுமாகிய சிறு சரக்கு வண்டிக்கு அவ்வரலாற்றில் ஒரு மூலையே கிடைத்தது. ஆயினும் இரண்டாம் உலகப் போரினாற் சிதைந்துபோன ஐரோப்பா மறுபடியும் எழுந்து நடந்தது எவ்வாறு என ஆராய்வோர் இச்சிறு வண்டிகளை ஒதுக்கிவிட முடியாது. அவற்றுள்ளும் 1950ஆம் ஆண்டிலே ஜேர்மனியில் வெளிவந்த வொக்ஸ்வாகன் வான் தனியியல்பு உடையது. ஒரே அடிப்படை அமைப்பை எத்தனை வகையான தொழில்களுக்குப் பொருத்தலாம் என்பதற்கு அது நல்ல சான்று. அவ்வமைப்பின் நன்மையும் தீமையும் ஒரே இடத்திலிருந்து பிறந்தன என்பதும் கருதத்தக்கது.

வொக்ஸ்வாகன் என்ற ஜேர்மன் சொல்லுக்கு மக்களின் வண்டி என்பது பொருள். அப்பெயர் வழக்கிற்கு வந்த வரலாறு பெருமைக்குரியதன்று. ஹிட்லரின் ஆட்சியிலே, 1938ஆம் ஆண்டு, வட ஜேர்மனியில் இத்தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வாரந்தோறும் பணஞ் செலுத்தி முத்திரை ஒட்டிவந்தால் ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு காருக்கு உரியவனாகலாம் என்று அரசு விளம்பரஞ் செய்தது. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவ்வாறு சேமித்தனர். அத்திட்டத்தின்படி கார் பெற்றவர் ஒருவருமிலர். போர் மூண்டதும் தொழிற்சாலை படைக்கு வேண்டிய வண்டிகளைச் செய்தது. பிற நாடுகளிலிருந்து பலவந்தமாகக் கொண்டுவரப்பட்டோரும், போர்க் கைதிகளும், சிறைமுகாம்களில் அடைபட்டோருமாகிய பல்லாயிரவர் அங்கே வேலை வாங்கப்பட்டனர். பின்னாளில் உலகத்தார் அன்போடு நோக்கிய ஒரு வண்டியின் பிறப்பிடம் இதுவென்பதை மறைத்து எழுதுதல் நேர்மையாகாது.

1945இல் ஜேர்மனி சரணடைந்தபின் அப்பகுதி பிரித்தானியரின் நிருவாகத்துக்கு உட்பட்டது. தொழிற்சாலையின் பொறுப்பு மேஜர் ஐவன் ஹேர்ஸ்ற் என்ற படைப்பொறியியல் அதிகாரியிடம் வந்தது. குண்டுவீச்சினாற் சிதைந்த கட்டடத்தைச் சீராக்கி, பின்னர் 'வண்டு' எனப் பெயர் பெற்ற சிறிய காரைச் செய்யும் வேலையை அவர் தொடக்கிவைத்தார். தொழிற்சாலைக்குள்ளே பாரமான உறுப்புகளை இடம் மாற்றுதற்குப் பயன்பட்ட தூக்குவண்டிகள் படையினரிடமிருந்து இரவலாக வந்தவை. அவற்றைப் படையினர் திரும்பப் பெற்றுக்கொண்டனர். வேறு வழியின்மையால், காரின் அடித்தட்டையே எடுத்து, முன்புறத்திற் பலகைத் தளம் ஒன்றை அமைத்து, பின்னேயுள்ள எஞ்சினுக்கு மேலே சாரதிக்கு ஓர் இருக்கையும் வைத்து, ஒரு பாரவண்டியைத் தாமாகவே செய்துகொண்டனர். பார்வைக்கு அது பாதியிற் கைவிடப்பட்ட வேலைபோலத் தோன்றியது. எனினும் சுமக்கவேண்டியதைச் சுமந்தது.

வண்டுக் கார்களைத் தம் நாட்டில் விற்க விரும்பி வந்த பென் பொன் என்னும் ஒல்லாந்து வணிகரின் கண்ணில் இவ்வண்டி பட்டது. இதனை ஒல்லாந்தின் தெருக்களில் ஓடவிடலாமா என்று அவர் வினவியபோது, சாரதி பின்னே அமரும் வண்டிக்கு அனுமதியில்லை என்று அந்நாட்டதிகாரிகள் மறுத்துவிட்டனர். அம்மறுப்பே ஒரு வகையில் இவ்வானைப் பிறப்பித்தது எனலாம். 1947ஆம் ஆண்டு ஏப்ரில் 23ஆந் திகதி பொன் தமது குறிப்புப் புத்தகத்தின் ஒரு தாளிலே சில கோடுகளை வரைந்தார். சிறு பிள்ளை வரைந்த படம்போன்ற அதிலே ஒரு பெட்டியும் இரண்டு சில்லுகளுமே காணப்படும். சாரதி முன் நுனியில், எஞ்சின் பின் நுனியில், இரண்டுக்கும் நடுவே வெறுமை. அந்த வெறுமைதான் சரக்குக்குரிய இடம். பிரித்தானிய அதிகாரிகள் கருத்தை வெறுக்கவில்லை. ஆனாற் காரையே கேட்ட அளவிற் செய்து கொடுக்க இயலாதிருந்த நாளிற் புதியதொரு வண்டியை மேற்கொள்ள அவர்களாற் கூடவில்லை.

1948 சனவரியில் ஹைன்றிக் நோர்ட்ஹொவ் தொழிற்சாலையின் தலைவரானார். இவர் போருக்கு முன்னரும் போர்க்காலத்திலும் ஓப்பல் நிறுவனத்திற் பணியாற்றி, அதன் லொறித் தொழிற்சாலையை நடத்தியவர். ஆகவே சரக்கு வண்டியின் பொருளாதாரத்தை நன்கறிந்தவர். அவ்வாண்டின் பிற்பகுதியில் வானுக்கான வேலை அல்பிரெட் ஹாஸ்னர் என்ற பொறியியலாளரின் தலைமையில் தொடங்கிற்று. செலவைக் குறைத்தற்காக முதலில் வண்டுக் காரின் அடித்தட்டையே அப்படியே பயன்படுத்திப் பார்த்தனர். அவ்வடித்தட்டு நடுவே செல்லும் ஒரு குழாயை முதுகெலும்பாகக் கொண்டது. நால்வரைத் தாங்கும் அவ்வெலும்பு முக்கால் தொன் சரக்கைத் தாங்கவில்லை. 1949இல் நடந்த சோதனை ஓட்டத்தில் வளைந்து நெகிழ்ந்துவிட்டது. அதன் பின்னரே இரு நெடுஞ்சட்டங்களையும் பல குறுக்குச் சட்டங்களையும் ஏணிபோல இணைத்து, வண்டியின் கூட்டையும் அவற்றோடு ஒன்றாகப் பற்றவைத்து, புதியதோர் அமைப்பை வகுத்தார்கள். இங்கே கூடு வெறும் போர்வையன்று. அதுவும் பாரத்தைத் தாங்கும் உறுப்பாயிற்று. தோல்வியடைந்த சோதனைக்கும் புதிய வண்டி பத்திரிகையாளருக்குக் காட்டப்பட்ட 1949 நவம்பர் 12ஆந் திகதிக்கும் இடையே சில மாதங்களே கழிந்தன. 1950 மார்ச் 8ஆந் திகதி ஒழுங்கான உற்பத்தி தொடங்கிற்று. தொடக்கத்தில் நாளொன்றுக்குப் பத்து வண்டிகளே வெளிவந்தன.

இனி அமைப்பை நோக்குவோம். மாட்டு வண்டியிற் சரக்கேற்றுவோர் முன்பாரம், பின்பாரம் என்னும் இரண்டையும் அறிவர். முன்பாரம் மிகுந்தால் நுகம் எருதின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலே கிளம்பும். ஆகவே அச்சை நடுவாக வைத்து மூடைகளை மாற்றி மாற்றி அடுக்குவர். மோட்டார் வண்டியிலும் இச்சிக்கல் உண்டு. எஞ்சின் முன்னேயும் சரக்கு பின்னேயும் அமைந்த வழக்கமான வானில், வெறுமையாக ஓடும்போது பின்சில்லுகளுக்குப் போதிய பாரமின்மையால் அவை ஈர நிலத்தில் வழுக்கும்; நிறையச் சரக்கேற்றினால் முன்சில்லுகள் இலேசாகித் திருப்புதல் கடினமாகும். வொக்ஸ்வாகன் வானிலோ எஞ்சின் பின்னச்சுக்கு அப்பாலும், சாரதி முன்னச்சுக்கு நேர்மேலும் இருக்க, சரக்கறை இரண்டு அச்சுகளுக்கும் இடையே கிடந்தது. காவுதடியின் இரு நுனியிலும் ஒத்த சுமை தொங்குவது போல, வெறும் வண்டியின் நிறையே இரண்டு அச்சுகளிலும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்பட்டது. நடுவில் வைத்த 750 கிலோகிராம் சரக்கும் பாதி பாதியாகவே பிரிந்தது. எனவே வண்டி வெறுமையாயினும் நிறைந்ததாயினும் சாரதியின் கைக்கு அதன் குணம் பெரிதும் மாறவில்லை. இதுவே இவ்வமைப்பின் உயிர்நிலை.

மற்றொரு நன்மை இடச் சிக்கனம். எஞ்சினுக்கென முன்னே நீண்ட மூக்கு இல்லாமையால், நான்கு மீற்றரிற் சிறிதே கூடிய நீளத்துக்குள் ஏறத்தாழ 4.5 கன மீற்றர் சரக்கிடம் கிடைத்தது. அச்சுகளுக்கிடையிலான தூரம் வண்டுக் காரினுடையதைப் போலவே 2.4 மீற்றர். நெருங்கிய தெருக்களையுடைய பழைய ஐரோப்பிய நகரங்களிற் கடைக்குக் கடை நின்று செல்லும் வணிகனுக்கு இக்குறுகிய உடல் பெரும் வசதியாயிற்று.

எஞ்சின் காரிலிருந்து எடுக்கப்பட்டதே. 1131 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 25 பரிவலுவும் உடைய அதன் நான்கு உருளைகளும் இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்துக் கிடந்தன. நீரின்றிக் காற்றினாற் குளிர்விக்கப்பட்டமையாற் பனிக்காலத்தில் நீர் உறைந்து குழாய் வெடிக்கும் அச்சமில்லை. ரேடியேற்றர் என்ற உறுப்பே தேவைப்படவில்லை. ஆனால் 25 பரிவலு முழுப் பாரத்தையும் மேட்டில் இழுக்குமா? இதற்கு விடையைப் போர்க்காலப் படைவண்டியிலிருந்து எடுத்தார்கள். பின்சில்லு ஒவ்வொன்றின் குடத்திலும் ஒரு சோடி பற்சில்லுகளை வைத்து, அச்சுத் தண்டின் சுழற்சியை அங்கே மீண்டும் ஒரு முறை குறைத்தனர். சுழற்சி குறையத் திருப்புவிசை கூடும் என்பது பொறியியலின் பாலபாடம். அத்துடன் அச்சுத் தண்டு சில்லின் நடுப்புள்ளிக்கு மேலே அமைந்ததால், வண்டியின் வயிறு நிலத்திலிருந்து உயர்ந்து, கரடுமுரடான பாதையிலும் செல்லக்கூடியதாயிற்று. இதற்குக் கொடுத்த விலை வேகம். மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் அம்முதல் வண்டிகள் ஓடமாட்டா.

முகத்தின் வடிவம் பிரவுண்ஸ்வைக் நகரத்துத் தொழினுட்பக் கழகத்தின் காற்றுச் சுரங்கத்தில் ஆராயப்பட்டது. சிறியதொரு மாதிரியை வைத்து அதன்மீது காற்றைச் செலுத்தி, எதிர்ப்பை அளந்தார்கள். தட்டையாக இருந்த முகப்பை வளைத்து உருட்டியபோது எதிர்ப்பு வியக்கத்தக்க அளவு குறைந்தது. முடிவான வடிவத்தின் இழுவைக் குணகம் 0.44 எனக் கூறப்படும். வண்டுக் காரினுடையது 0.48. பெட்டி போன்ற வானின் உருவம், காற்றுக்கென்றே வளைத்தது போலத் தோன்றும் காரினும் சிறந்த குணகம் பெற்றது பலருக்கு நம்ப முடியாததாயிருந்தது. குணகம் சிறிதாயினும் வானின் முகப்பரப்புப் பெரிதாகையால் மொத்த எதிர்ப்பு வானுக்கே அதிகம் என்பதையும் இங்கே மறத்தலாகாது. விளம்பரங்கள் முதலாவதைச் சொல்லும், இரண்டாவதைச் சொல்லமாட்டா.

இதே காலத்திற் பிரான்சிலே வேறொரு விடை காணப்பட்டது. சித்ரோயென் நிறுவனம் 1947இற் பாரிஸ் கண்காட்சியில் வைத்த 'எச்' வான், எஞ்சினை முன்னே வைத்து முன்சில்லுகளையே இயக்கிற்று. ஆதலாற் பின்னே எஞ்சினுமில்லை, நடுவே செல்லும் தண்டுமில்லை. தளம் நிலத்தையொட்டித் தாழ்வாக ஒரே மட்டத்திற் கிடந்தது. உள்ளே ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். மெல்லிய தகட்டை நெளிநெளியாக மடித்தமையால், நிறை கூடாமலே வன்மை கூடிற்று. தகரக் கொட்டகையைக் கண்டவர்க்கு அதன் தோற்றத்தை விளக்கவேண்டியதில்லை. 1981 வரை 4,73,289 வண்டிகள் செய்யப்பட்டன. ஜேர்மனியிலேயே ஹம்பேர்க் நகருக்கு அண்மையில் இருந்த விடால் நிறுவனம் 1949இல் 'டெம்போ மற்றடோர்' என்ற வானைச் செய்தது. அதன் உள்ளே இருந்ததும் வொக்ஸ்வாகன் எஞ்சின்தான். ஆனால் அது முன்சில்லுகளைச் சுழற்றியது. தன் எஞ்சினைக் கொண்டே தன்னோடு போட்டியிடும் அவ்வண்டிக்கு எஞ்சின் கொடுப்பதை 1952இல் வொக்ஸ்வாகன் நிறுத்திவிட்டது. டெம்போ என்ற பெயர் பின்னர் இந்தியாவுக்குச் சென்று, பஜாஜ் டெம்போ நிறுவனத்தின் வண்டிகளிற் பதிந்தது. தமிழ்நாட்டிற் சிறு சரக்கு வண்டிகளை எவர் செய்திருப்பினும் டெம்போ என்று மக்கள் வழங்கியது இதனாலேயே.

சரக்கேற்றும் வசதியை மட்டும் நோக்கினாற் பிரெஞ்சு அமைப்பே மேலானது என்று கொள்ளவேண்டும். வொக்ஸ்வாகன் வானின் பின்பாகத்தில் எஞ்சின் மேடுபோல் எழுந்து நின்றது. முதலில் வந்த வான்களிற் பின்புறமாகச் சரக்கேற்றக் கதவே இல்லை. பக்கத்திலுள்ள இரட்டைக் கதவுகளே வழி. பெரிய எஞ்சின் மூடியைத் திறந்தால் எஞ்சினோடு உதிரிச் சில்லும் பெற்றோல் தாங்கியுமே தென்படும். 1955 மார்ச்சிற்றான் எஞ்சின் மூடியைச் சுருக்கி, உதிரிச் சில்லை வேறிடத்துக்கு மாற்றி, மேலே திறக்கும் பின்கதவொன்றை எல்லா வான்களுக்கும் வைத்தனர். அப்போதுங்கூடப் பின்புறமிருந்து தூக்கிவைக்கும் பொருளை இடுப்பளவு உயர்த்தவேண்டியிருந்தது. பக்கக் காற்று வலுத்து வீசும் வெளிகளில் உயர்ந்த இவ்வுடல் தள்ளாடும் என்பதும், குளிர்காலத்தில் உள்ளே போதிய வெப்பம் வாராது என்பதும் பழைய சாரதிகள் அறிந்தவை.

இக்குறைகளிருந்தும் அது பெருகியது ஏன்? விடை அதன் வகைகளில் இருக்கின்றது. சட்டமும் எஞ்சினும் சாரதி அறையும் மாறாதிருக்க, நடுவேயுள்ள வெற்றிடத்தை வேண்டியவாறு மாற்றும் வாய்ப்பு இவ்வமைப்பில் இயல்பாகவே இருந்தது. முதலாவது, சன்னலற்ற மூடிய சரக்கு வான். இறைச்சிக் கடைக்காரர், பேக்கரி நடத்துவோர், மின்வேலை செய்வோர் முதலியோர் அதனை வாங்கித் தத்தம் பெயரை அகன்ற பக்கங்களில் எழுதுவித்தனர். கடையின் பெயர்ப்பலகை வீதி வீதியாகச் சென்றது எனலாம்.

இரண்டாவது வகை, அதே 1950இல் வந்த 'கொம்பி'. சொல்லின் முழுவடிவம் கூட்டுப்பயன் வண்டி என்னும் பொருள்தரும் நீண்ட ஜேர்மன் தொடர். இதன் பக்கங்களிற் சன்னல்கள் இருந்தன. உள்ளே இருந்த ஆசனங்களைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். கிழமை நாட்களிலே ஆசனங்களைக் கழற்றி வைத்துவிட்டுச் சரக்கேற்றிய சிறு வணிகன், ஞாயிறன்று அவற்றை மீளப் பொருத்தி மனைவி மக்களையும் சுற்றத்தாரையும் ஏற்றிச் சென்றான். தொழிலுக்கு ஒன்றும் குடும்பத்துக்கு ஒன்றுமாக இரண்டு வண்டி வாங்குவது அக்காலத்து ஜேர்மனியிற் பெரும்பாலோருக்கு நினைக்கவும் முடியாதது. இவ்வானின் வகைகள் பலவற்றுள்ளும் காலத்தின் தேவைக்கு மிகவும் இயைந்தது கொம்பியே என்று துணிந்து கூறலாம். விலையுயர்ந்த வகைகளின் படங்களே நூல்களை நிரப்புகின்றன என்பது வேறு விடயம்.

அவ்விலையுயர்ந்த வகைகளுள் முதன்மையானது 1951இல் வந்த சிறப்புப் பஸ். 'சம்பா' என்று வழங்கிய அதற்கு 23 சன்னல்கள். கூரையின் விளிம்பில் வளைந்து பொருந்திய எட்டுச் சிறு கண்ணாடிகளும், சுருட்டித் திறக்கத்தக்க சீலைக் கூரையும், இரு வர்ணப் பூச்சும் அதன் அணிகள். அல்ப்ஸ் மலைகளைப் பார்க்கச் சென்ற பிரயாணிகள் இருந்தவாறே சிகரங்களை அண்ணாந்து நோக்கலாம். 1963இற் பின்கதவை அகலமாக்கியபோது மூலைக் கண்ணாடிகள் இரண்டு நீங்கி, சன்னல்கள் 21 ஆயின. முதலில் எண்ணிய 23 இன்றும் அருங்கலப் பொருள் விற்போரின் வாயில் மந்திரம்போல் நிலைத்துவிட்டது.

1951ஆம் ஆண்டின் இறுதியில் வந்த அம்புலன்ஸ் வகை பொறியியல் நோக்கில் ஆராயத்தக்கது. படுத்திருக்கும் நோயாளியைப் பக்கக் கதவால் வளைத்து ஏற்றுதல் இயலாது. பின்புறத்தாலேயே நேரே செலுத்தவேண்டும். ஆகவே எஞ்சின் மூடியைச் சிறிதாக்கி, பெற்றோல் தாங்கியை இடம் மாற்றி, அதற்கு மேலே கீழ்நோக்கித் திறக்கும் கதவொன்றை அமைத்தனர். மூன்று ஆண்டுக்குச் சிறிது மேலாகக் கழிந்தபின் எல்லா வான்களும் பெற்ற பின்கதவின் முன்னோடி இதுவே. நோயாளிக்காக வகுத்த மாற்றம் பாண்காரனுக்கும் பயன்பட்டது.

1952 ஓகஸ்ற்றில் வந்த திறந்த லொறி வகைக்குப் புதிய கருவிகளும் அச்சுகளும் வேண்டியிருந்தமையால் நிறுவனம் சிறிது தயங்கிற்று. எஞ்சினுக்கு மேலாகத் தளம் ஒரே மட்டத்திற் செல்லவேண்டும். எனவே உதிரிச் சில்லும் பெற்றோல் தாங்கியும் வேறிடந் தேடின. தளத்தை அவ்வாறு உயர்த்தியபோது அதன் கீழே, இரண்டு அச்சுகளுக்கும் இடையே, எதிர்பாராத ஓரிடம் எஞ்சிற்று. அதற்குப் பக்கத்தில் ஒரு கதவும் பூட்டும் வைத்து, நிலவறை போன்ற பெட்டியாக்கினர். மேலே மரமும் மணலும் செல்ல, கீழே விலையுயர்ந்த கருவிகள் மழையிலும் களவிலும் நின்று காக்கப்பட்டன. குறையென்று தோன்றிய உயர்ந்த தளம் இங்கே நன்மையாக மாறியதைக் காணலாம். 1958இன் இறுதியில் இதற்கு இரட்டைச் சாரதியறை பொருத்திய வகையும் வந்தது. கட்டட வேலைக்குச் செல்லும் ஆறு தொழிலாளரும் அவர்தம் பொருள்களும் ஒரே வண்டியிற் சென்றனர்.

இவற்றோடு தீயணைப்பு வண்டி, பொலிசார் வண்டி, ஆடை தொங்கவிடும் உயர்கூரை வான், நடமாடும் கடை எனப் பல. எல்லாவற்றையும் தொழிற்சாலையே செய்யவில்லை. கூட்டை வெட்டிப் புதுக்கும் சிறு நிறுவனங்கள் பலவற்றுக்கு இவ்வான் பிழைப்பளித்தது. 1844இற் கொல்லன் பட்டடையாகத் தொடங்கிக் குதிரை வண்டிகள் செய்துவந்த வெஸ்ற்பாலியா நிறுவனம், 1951இல் ஒரு பெட்டியைச் செய்தது. கொம்பியினுள் அதனை வைத்தால் வண்டி படுக்கையும் அலுமாரியும் உள்ள சிறு வீடாகும். அந்நிறுவனம் பின்னர் வீட்டு வண்டிகளாற் புகழ்பெற்றது. எனினும் ஒரு வண்டி எல்லார்க்கும் பொருந்திவிடாது. ஜேர்மன் தபாற் பகுதியினர் கடித விநியோகத்துக்கு வான் பெரிது, கார் சிறிது என்று கண்டமையால், 1964 முதல் அவர்களுக்கென இடைத்தரமான வேறொரு வண்டி செய்யவேண்டியதாயிற்று.

தேவை பெருகவே 1956 மார்ச்சில் வானுக்கென ஹனோவர் நகரிற் புதிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. எஞ்சினின் வலு 1954இல் 30 பரிவலுவாகவும், 1963இல் 1500 கன சென்ரிமீற்றர் எஞ்சினோடு 42 பரிவலுவாகவும் வளர்ந்தது. 1962இற் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது. பிரேசிலிலும் 1957 முதல் உற்பத்தி நடந்தது.

ஐக்கிய அமெரிக்காவில் இவ்வானுக்கு நேர்ந்தது பொருளியல் கற்போருக்கு நல்ல பாடம். அமெரிக்கக் கோழியிறைச்சி மலிவாக வந்து குவிவதைத் தடுக்க 1962இல் ஐரோப்பியப் பொதுச்சந்தை நாடுகள் தீர்வையை உயர்த்தின. பதிலடியாக ஜனாதிபதி ஜோன்சன் 1963 டிசெம்பரில், உருளைக்கிழங்கு மா, பிராந்தி முதலியவற்றோடு சிறு லொறிகளுக்கும் நூற்றுக்கு 25 வீதம் தீர்வை விதித்தார். வொக்ஸ்வாகனின் மூடிய வானும் திறந்த லொறியும் அத்தீர்வையில் அகப்பட்டு அச்சந்தையை இழந்தன. சன்னலும் ஆசனமும் உடைய கொம்பியும் பஸ்ஸும் பயணிகள் வண்டியாகக் கணிக்கப்பட்டமையாற் றப்பின. அமெரிக்கர் மனத்தில் இவ்வண்டி சரக்கு வண்டியாகவன்றிக் குடும்ப வண்டியாகவும் ஊர் சுற்றும் இளைஞரின் வண்டியாகவும் பதிந்ததற்குக் கோழியும் ஒரு காரணம். மற்றைப் பொருள்களின்மீது விதித்த தீர்வை பின்னர் நீங்கியது. சிறு லொறிகளின்மீது விதித்தது அறுபது ஆண்டு கடந்தும் நின்றது.

அவ்விளைஞர்கள் பூ வரைந்து ஓட்டிய வான்களே படங்களிற் பெரிதும் தோன்றுகின்றன. அவற்றினும் மதிக்கத்தக்கது தென் கரோலினா மாநிலத்தின் ஜோன்ஸ் தீவில் வாழ்ந்த ஈசோ ஜென்கின்ஸ் என்ற கறுப்பினத் தலைவரின் வான். தீவு மக்களைச் சாள்ஸ்ற்றன் நகருக்கு வேலைக்கு ஏற்றிச் சென்ற தமது பழைய பஸ்ஸிலேயே, வாக்காளராகப் பதிவதற்கு அக்காலத்தில் வாசித்துக் காட்டவேண்டியிருந்த அரசியலமைப்புப் பகுதிகளை அவர் அவர்களுக்குக் கற்பித்தார். ஓடும் பஸ்ஸையே வகுப்பறையாக்கியவர் அவர். பின்னாளில் அவரிடமிருந்த 1966ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் வானின் பின்புறத்திலே, அன்பு முன்னேற்றந் தரும், பகை செலவு வைக்கும் என்னும் கருத்துடைய வாசகம் எழுதப்பட்டிருந்தது. அப்பகுதி உவாசிங்டனிலுள்ள ஆபிரிக்க அமெரிக்க வரலாற்று நூதனசாலையிற் பேணப்படுகின்றது.

இவ்வமைப்பின் பெருங்குறையை இனிக் கூறவேண்டும். மோதும் வண்டியில் இருப்போர்மீது தாக்கும் விசை, வண்டி எவ்வளவு தூரத்துள் நிற்கின்றது என்பதைப் பொறுத்தது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் சுவரில் மோத, அதன் மூக்கு அரை மீற்றர் நசுங்குமாயின், உள்ளிருப்போர் புவியீர்ப்பின் இருபது மடங்கான அமர்முடுகலைத் தாங்கவேண்டியவராவர். நசுங்குந் தூரம் பாதியானால் விசை இருமடங்காகும். வொக்ஸ்வாகன் வானிலோ சாரதியின் முழங்காலுக்கும் எதிரே வருவதற்கும் இடையில் ஒரு தகடே இருந்தது. மூக்கில்லாமையாற் கிடைத்த சரக்கிடத்துக்குச் சாரதியின் கால்கள் பிணையாக வைக்கப்பட்டன என்று சொல்வது மிகையன்று. விற்பனைப் பத்திரங்கள் அகன்ற பார்வையைப் புகழ்ந்தன. அப்பார்வை உண்மையே, அதன் விலையும் உண்மையே.

1967 ஓகஸ்ற்றில் இரண்டாந் தலைமுறை வந்தபோது, பிளவுபட்ட முன்கண்ணாடிக்குப் பதில் வளைந்த ஒரே கண்ணாடியும், வழுக்கித் திறக்கும் பக்கக் கதவும் வழமையாயின. சில்லுக்குடத்துப் பற்சில்லுகள் நீங்கி, இரட்டை மூட்டுள்ள பின்னச்சு வந்தது. 1972இல் முன்புறச் சட்டத்தில் மோதலின் விசையை உள்வாங்கும் உறுப்புகள் சேர்க்கப்பட்டன. இம்மாற்றம் 22 ஆண்டு பிந்தியது. 1979இல் வந்த மூன்றாந் தலைமுறையிலும் எஞ்சின் பின்னேயே இருந்தது. 1982இற் காற்றுக்குப் பதிலாக நீர் அதனைக் குளிர்வித்தது. 1990இல் வந்த நான்காவதில் எஞ்சின் முன்னே வந்து முன்சில்லுகளை இயக்கிற்று, தளம் தாழ்ந்தது. சித்ரோயென் 1947இற் கண்ட விடைக்கு வொக்ஸ்வாகன் வந்து சேர நாற்பத்துமூன்று ஆண்டு பிடித்தது.

பிரேசிலில் மட்டும் பழைய வடிவம் விடாது தொடர்ந்தது. விலை குறைவு, பழுது பார்த்தல் எளிது, மண்பாதையிலும் ஓடும் என்ற காரணங்களாற் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவோரும் சந்தை வியாபாரிகளும் அதனையே நாடினர். 2014 சனவரி முதல் எல்லாப் புதிய வண்டிகளிலும் காற்றுப்பையும் பூட்டா நிறுத்தியும் இருத்தல்வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் விதித்தது. அரை நூற்றாண்டுக்கு முன் வகுத்த அம்முகப்பில் அவற்றை அமைக்க வழியில்லை. 2013 டிசெம்பரில் உற்பத்தி நின்றது. பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்டவை அங்கே செய்யப்பட்டிருந்தன.

2022இல் ஹனோவர் தொழிற்சாலையிலிருந்து மின்சாரத்தால் ஓடும் புதிய வான் வந்தது. வண்ணப் பூச்சிலே பழைய வானை நினைவூட்டும் அதற்குப் பயணிகள் வகையும் சரக்கு வகையும் உண்டு. இப்போது முன்னே சிறியதொரு மூக்கும், அதனுள்ளே நசுங்குதற்குரிய இடமும் இருக்கின்றன. இயக்கும் மின்மோட்டார் பின்னச்சின் அருகே அமைந்துள்ளது. பாரம் மிகுந்த மின்கலங்கள் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே தளத்தின் கீழே கிடக்கின்றன.